ஓத நேரமில்லாத மடம்

எங்கள் வுன்ஜாம் மடத்துக்கு ஏறி வருகிறவர் காதில் முதலில் விழுவது மணியோசை என்று அடிவாரத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்கிற யாரும் இங்கே வந்து பார்த்ததில்லை. முதலில் விழுவது உலக்கைச் சத்தம். அந்த உலக்கை என் கையில்தான் இருக்கிறது. முசுக்கட்டை மரத்துப் பட்டையைச் சாம்பல் நீரில் அவித்து, கல்லில் போட்டு, கூழாகும்வரை அடிப்பது என் வேலை. அந்தக் கூழைத் தொட்டியில் கரைத்து, மூங்கில் தட்டியால் அள்ளித் தாளாக்குவது மற்றவர்கள் வேலை. தாள்கள் காய்வது பெரிய கூடத்தில். புத்தர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கொடி கொடியாகக் காகிதம் தொங்குவதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் சோசோன் ராஜ்ஜியத்துக்குத் துறவிகளைக் கண்டால் ஆகாது. மொட்டைத் தலை எதுவும் தலைநகர் வாசலுக்குள் நுழையக்கூடாது என்று சட்டமே உண்டு. எங்கள் காகிதம் நுழையலாம். எங்கள் வைக்கோல் செருப்பு நுழையலாம். அரச குடும்பத்துக் கல்லறைகளில் படைக்கிற டோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி, எங்கள் அண்டாவிலிருந்துதான் போகிறது. துறவிகள் ஒன்றுக்கும் உதவாத சோம்பேறிகள் என்று அரசவைப் பெரியவர்கள் அடிக்கடி விண்ணப்பம் எழுதுகிறார்கள். அதையும் எங்கள் காகிதத்தில்தான் எழுதுகிறார்கள். நல்ல காகிதம், மை ஊறாது.

யோங்பால் வந்தது பனி உருகத் தொடங்கியிருந்த நேரம். ஊர் ஊராகப் போய் மண்ஜாடி விற்கிறவன். முதுகுச் சட்டத்தில் இரண்டு பெரிய ஜாடிகளைக் கட்டிச் சுமந்துகொண்டு, மலைப்பாதை முழுவதும் ஏறி வந்து, என் முன்னால் மெதுவாக இறக்கி வைத்தான்.

"சாமி, இது காணிக்கை. ஓதணும்."

"என்னத்த ஓதணும்?"

"என் பொண்ணு செத்துப் போச்சு சாமி. காய்ச்சல். சம்வொல்னு பேரு, ஒம்பது வயசு. நாப்பத்தொம்பதாம் நாளுக்குள்ள ஓதி வழியனுப்பலைன்னா நடுவழியிலயே நின்னுடும்னு எம் பொண்டாட்டி சொல்றா. அவ சோறு திங்கிறதில்ல. அது கிணத்தடிக்கே தனியா போகாது சாமி. இருட்டுன்னா அவ்ளோ பயம்."

மடத்தில் ஓதச் சொல்லிக் கேட்டு ஒருவர் வந்ததே எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. அவனைப் பெரிய சாமியிடம் அழைத்துப் போனேன்.

பெரிய சாமி ஹேசோங் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் அல்ல. கேட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே செருப்பையும் கட்டினார்.

"ஓதத்தான் வேணும்ப்பா. அதுக்குத்தானே மடம் இருக்கு. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. காகிதத்துக்கு உத்தரவு இருக்கு. டோஃபுக்கு உத்தரவு இருக்கு. செருப்புக்கு இருக்கு, காட்டுக் காளானுக்கு இருக்கு. மலைக்கோட்டைக்குக் காவல் போறதுக்குக்கூட இருக்கு. ஓதுறதுக்கு மட்டும் யாரும் உத்தரவு போட்டதில்ல. உத்தரவு போட்ட வேலைக்கே இங்க ஆள் பத்தல. உத்தரவில்லாத வேலைய எப்பச் செய்றது, சொல்லு?"

"அப்ப இந்த வேலையெல்லாம் எதுக்குச் செய்றீங்க சாமி?"

"மடம் நடக்கணும்ல."

"மடம் எதுக்கு நடக்கணும்?"

"ஓதுறதுக்கு," என்றார் பெரிய சாமி. அவர் சிரிக்கவில்லை. யோங்பாலும் சிரிக்கவில்லை; தனக்குத்தான் விளங்கவில்லை போலிருக்கிறது என்று பணிவாகத் தலையாட்டினான்.

விஷயம் இதுதான். வழியனுப்பும் சடங்கை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாக அறிந்தவர் எங்களில் வொல்தாம் கிழவர் ஒருவர்தான். மற்ற எங்களுக்குப் பின்பாட்டு மட்டும் தெரியும். அந்த வொல்தாம் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை முழங்கை ஆழம் காகிதத் தொட்டியில் நிற்கிறார். அவர் இடத்தில் யோங்பால் நின்று வேலை செய்தால், அந்த நேரம் வொல்தாமின் சொந்த நேரம், அதில் அவர் ஓதலாம் என்று பெரிய சாமி முடிவு சொன்னார். நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றியது.

யோங்பால் மண் பிசைந்து பழகிய கைக்காரன். தட்டியை எப்படிச் சாய்ப்பது, எப்போது எடுப்பது என்பதை நாலைந்து நாளில் பிடித்துக்கொண்டான். சடங்குக்கு வேண்டிய ஒரு முழு நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிட வேண்டும் என்று விழுந்து விழுந்து வேலை செய்தான். தாள் அடுக்கு உயர்ந்தது. மாதக் காகிதம் வாங்கிப் போக அரசுக் கச்சேரியிலிருந்து எழுத்தர் பாங் வந்தார். அடுக்கைப் பார்த்தார், பெரிய சாமியைப் பார்த்தார், மறுபடி அடுக்கைப் பார்த்தார்.

"என்ன மொட்டை, அடுக்கு ஒசந்திருக்கு?"

"ஒரு புண்ணியவான் கை குடுத்தாருங்க. ஒரு நாள் ஓதுறதுக்காகச் சேர்த்து வெச்சது…"

"அதாவது, இன்னும் செய்ய முடியும்னு தெரிஞ்சே இத்தனை வருஷமா கொறச்சுக் குடுத்திருக்கீங்க."

"ஐயோ, அப்படியில்லைங்க."

"நான் கோவப்படல. நான் மனுஷங்களை நம்புறவன். முடியும்னு நீங்களே காட்டிட்டீங்க. அந்தத் திறமைய வீணாக்குறது அரசாங்கத்துக்குச் செய்ற துரோகம். அடுத்த மாசத்துலேர்ந்து இதுதான் அளவு."

புதிய அளவுக்கு வொல்தாமும் வேண்டும், யோங்பாலும் வேண்டும். கிழவர் தொட்டிக்குத் திரும்பினார். யோங்பால் அவருக்கு எதிர்த் தொட்டியில் நின்றான். தன் மகளுக்காக வேலை செய்து, மகளுக்கு ஓத வேண்டியவரின் வேலையைத் தானே கூட்டிவிட்டோம் என்பது அவனுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. புரிந்த அன்று அவன் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவனே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான்.

"சாமி, கை வேலை செய்யட்டும். வாய் சும்மாதானே இருக்கு? டோஃபு கிண்டும்போது வொல்தாம் சாமி ஓதலாம்ல?"

கல்லறைப் படையலுக்கான டோஃபு கிண்டும் முறை அந்த வாரம் எங்களுக்கு வந்திருந்தது. சோயாவை அரைத்து, பாலை வடித்து, அண்டாவில் மெதுவாகக் கிண்ட வேண்டும். மணிக்கணக்காகும். வாய்க்கு வேலையில்லை. எங்களில் யாருக்கும் இது தோன்றாமல் போனதே என்று வெட்கப்பட்டோம். வொல்தாம் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைத் தொடங்கினார். டோஃபுவைக் கண்காணிக்க வந்திருந்த கல்லறைக் காவல் கச்சேரியின் மேற்பார்வையாளர் பாய்ந்து வந்தார்.

"நிறுத்து! இது யாருக்குப் போற டோஃபு தெரியுமா? காலமான மகாராஜாவுக்கு! ஒன் எச்சில் தெறிச்சா என்ன ஆகும்?"

"மெதுவா ஓதுறேங்க," என்றார் வொல்தாம்.

"மெதுவான எச்சிலும் எச்சில்தான். அதோட, நீ ஓதுறது யாருக்கு? எவனோ ஜாடிக்காரன் மகளுக்கு. அந்த ஓதலெல்லாம் ஆவியோட ஆவியா டோஃபுக்குள்ள போயிட்டா? மகாராஜா சாப்பிடுறப்ப அதுல ஜாடிக்காரன் பொண்ணு இருந்தா யாரு பொறுப்பு? நானா?"

அன்றிலிருந்து டோஃபு கிண்டுகிற துறவிகள் எல்லாரும் வாயைக் காகிதத்தால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் காகிதத்தையும் நாங்கள்தான் செய்தோம்.

நாட்கள் நழுவின. நடுவில் ஒரு தடவை யோங்பால் கீழே போய் மனைவியைப் பார்த்து வந்தான். அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எல்லாம் தயாராயிட்டு இருக்குன்னு சொன்னேன் சாமி," என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. பெரிய சாமிக்கே பொறுக்கவில்லை. "நாப்பத்தொம்பதாம் நாள் எந்த உத்தரவு வந்தாலும் வரட்டும், வொல்தாமை விடுறேன். இது என் வாக்கு," என்றார். அந்த நாளில் ஆவிக்கு உடுத்தி எரிக்கப் பெண் பிள்ளைக்குரிய சின்னக் காகிதச் சட்டை ஒன்றை நான் வெட்டி ஒட்டி வைத்தேன். பாவாடையும் வைத்தேன்.

அந்த நாள் விடிந்தது. மலை முழுவதும் இளஞ்சிவப்புப் பூ பூத்துக் கிடந்தது. பூவைப் பார்க்க நம்குங் அதிகாரி வந்துகொண்டிருக்கிறார் என்று எழுத்தர் பாங் ஓடி வந்து சொன்னார்.

வட்டத்துக்கே அதிகாரி. கூட மூன்று கற்றறிந்த நண்பர்கள். பூ பார்ப்பது, கவிதை எழுதுவது, மடத்தில் டோஃபு சூப் சாப்பிடுவது. கற்றறிந்தவர்கள் மலையில் நடப்பதில்லை. எங்கள் தோளில் ஏறுவார்கள். சூப்புக்குக் கோழி வேண்டும். உயிரைக் கொல்லக்கூடாத இடத்தில் கோழி எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அது சமையல்கட்டுக்கு வரும்போதே மனம் திருந்திச் செத்துப்போனதாக வைத்துக்கொள்கிறோம்.

அவர்களைத் தோளில் தூக்கும் மூங்கில் நாற்காலிகள் நான்கு இருந்தன. மூன்றுதான் உருப்படியாக இருந்தன. நான்காவதன் மூங்கிலைப் புழு தின்றுவிட்டிருந்தது. பாங் மடம் முழுவதும் தேடிப் பின்கூடத்துக்குள் நுழைந்து கத்தினார்: "இத்தனை அழகான பல்லக்கை மறைச்சு வெச்சுக்கிட்டு இல்லைங்கிறீங்களா?"

சிவப்பும் பச்சையும் தீட்டிய, நாலு மூலையிலும் தாமரை தொங்கும் பல்லக்கு அது. அன்று காலைதான் நானும் யோங்பாலும் அதைத் துடைத்து வைத்திருந்தோம். செத்தவரின் ஆவியை வாசலில் அழைத்து, அதில் உட்கார வைத்து, கூடத்துக்குச் சுமந்து வருவது எங்கள் வழக்கம்.

"அது ஆவிக்கானதுங்க," என்றார் பெரிய சாமி நடுங்கிக்கொண்டே.

"ஆவின்னு ஒண்ணு இல்லைன்னு அதிகாரி பத்துத் தடவை சொல்லியிருக்காரு. அப்ப இது காலிப் பல்லக்குதானே? எடு."

இன்னொரு குறை. துறவிகளில் இரண்டு பேர் முந்தின வாரம் ஓடிப்போயிருந்தார்கள். தூக்க ஒரு தோள் குறைந்தது. யோங்பால் முன்னால் வந்தான். மகளின் பல்லக்கை வேறு யார் கையிலும் விட அவனுக்கு மனமில்லை. பாங் அவன் தலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குடுமியோட தூக்கக் கூடாது. மலையில பல்லக்குத் தூக்குறது மொட்டையோட கடமை. ஜாடிக்காரன் தூக்கினா அது ஜாடிக்காரங்க ஊழியம். அது வேற கச்சேரி. அவங்ககிட்ட அனுமதி வாங்க ஒரு மாசம் ஆகும்."

"எனக்கு இன்னிக்குத்தாங்க நாள்," என்றான் யோங்பால்.

"அப்ப செரைச்சுக்கோ."

கத்தி என்னிடம் கொடுக்கப்பட்டது. அவன் குந்தி உட்கார்ந்து தலையைக் குனிந்தான். குடுமி விழுந்து தலை மொட்டையானதும் எழுந்து பல்லக்கின் பின் தண்டருகே போய் நின்றான்.

அடிவாரத்துக்கு இறங்கிப் போய் அதிகாரியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டோம். நல்ல பாரம். முன் தண்டில் வொல்தாமும் நானும், பின் தண்டில் யோங்பாலும் இன்னொருவரும். ஏறத் தொடங்கியதும் அதிகாரிக்குப் பேச்சு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் அசைந்து வந்த நண்பரிடம் சொன்னார்:

"இந்த மொட்டைகளைப் பார்த்தா எனக்கு இரக்கம்தான் வருது. உழைப்புன்னா என்னன்னு தெரியாது. விதைக்கிறதில்ல, நெய்யிறதில்ல. உக்காந்த எடத்துல அடுத்தவன் தோள்ல சவாரி செஞ்சு காலம் கழிக்கிற கூட்டம். ஏய், குலுக்காதே!"

"மன்னிக்கணும்," என்றேன்.

"மூச்சு வாங்குறது எனக்குக் கேக்குது. பூவை ரசிக்க விடுறீங்களா? மூஸ் மூஸுன்னு. அதுக்குப் பதிலா எதையாவது ஒரே தாளமா பாடித் தொலைங்களேன். பாடணும். இது உத்தரவு."

வொல்தாம் நடையை நிறுத்தவில்லை. ஆனால் அவர் முதுகு நிமிர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓதுவதற்கு உத்தரவு கிடைத்துவிட்டது! கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆவியை அழைக்கும் முதல் வரியை எடுத்தார். நாங்கள் பின்பாட்டுச் சேர்ந்தோம். மற்ற மூன்று நாற்காலிகளைத் தூக்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மலை முழுவதும் எங்கள் குரல் ஏறியது. இருபது வருஷத்தில் அன்றுதான் நான் துறவியாக இருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

"நல்லா இருக்கே," என்றார் அதிகாரி.

கூடத்தை அடைந்தோம். நிறுத்த யாருக்கும் மனமில்லை. சடங்கு நடுவில் நிற்கவும் கூடாது. வொல்தாம் ஓதலில் ஆவியை இறங்க வேண்டினார், அதிகாரி இறங்கினார். குளித்துத் தூசி களைய வேண்டினார். பித்தளைத் தட்டில் வெந்நீர் வந்தது, அதிகாரி காலை நீட்டினார். இதுவரை எந்த மடத்திலும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டார். பசியாற வேண்டினார், சோறு வந்தது. அப்புறம் நான் செய்த சின்னச் சட்டையையும் பாவாடையையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு அது தோள்வரைகூட வராது.

வொல்தாம் ஓதினார்: "சம்வொல், யோங்பாலின் மகளே, இதை உடுத்திக்கொள்."

"யாரு சம்வொல்?" என்றார் அதிகாரி.

பெரிய சாமி தரையோடு தரையாக விழுந்துவிட்டார். பின்னாலிருந்து யோங்பால் சொன்னான்:

"என் பொண்ணுங்க ஐயா. செத்துப் போச்சு. அதுக்குத்தாங்க ஓதுறோம். அந்தப் பல்லக்கு அதோடதுங்க."

அதிகாரியின் நண்பர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். அதிகாரி தன் ஈரக் காலைப் பார்த்தார். முகத்தில் நிறம் போய்விட்டது.

"எனக்கு இதுல துளி நம்பிக்கையும் இல்ல," என்றார். "ஆவின்னு ஒண்ணும் கிடையாது. என் அப்பாவுக்கு நான் படைக்கிறது வேற, அது முறை. இது மூடத்தனம். உங்க எல்லாரையும் நான் அடிக்கச் சொல்லியிருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "அவ… அதுல என்கூடவா வந்தா?"

"ஆமாங்க."

"எங்க உக்காந்திருந்தா?"

யோங்பால் யோசித்தான். "மடியில உக்காந்திருக்குமுங்க ஐயா. தனியா உக்கார அதுக்குப் பயம்."

அதிகாரி தன் மடியைக் குனிந்து பார்த்தார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மூடத்தனம்தான். ஆனா தொடங்கின வேலைய பாதியில விடுறது நிர்வாகத்துக்கு அழகில்ல. முடிங்க. முழுசா முடிங்க. ஒரு வரி விடக்கூடாது. அவ போனதுக்கப்புறம் நான் இங்க இருக்கணும், புரியுதா? நான் போகக்கூடாது. அதையும் அதுல எங்கயாவது சேர்த்து ஓதுங்க."

ஆக, சம்வொலுக்கு நடந்த சடங்கு எங்கள் மலையில் யாருக்கும் நடக்காத சடங்கு. மொத்த மடமும் ஓதியது. உலக்கை நின்றது, தொட்டிகள் நின்றன. புத்தர் தெரியட்டும் என்று காகிதக் கொடிகளை அவிழ்க்க அதிகாரியே ஆணையிட்டார். சூப் ஆறி ஆடை கட்டியது. சாயங்காலம் பெயர் எழுதிய தாளையும் சட்டையையும் பாவாடையையும் முற்றத்தில் எரித்தோம். யோங்பால் நெருப்புப் பக்கம் குனிந்து, "பயப்படாம போம்மா, நேரா போ," என்றான். அதிகாரி அவனுக்கும் முன்னால் நின்றுகொண்டு, "ஆமாம், போம்மா, போ," என்றார். இறங்கும்போது அவர் பல்லக்கில் ஏறவில்லை. மலை முழுவதும் நடந்தே இறங்கினார்.

மறுநாள் காலை எழுத்தர் பாங் வந்தார்.

"ஒரு நாள் முழுக்க வேலைய விட்டுட்டு ஓதியிருக்கீங்க. அதிகாரி கண்ணால பார்த்த சாட்சி. அப்படின்னா உங்களுக்கு ஓத நேரம் இருக்கு. நேரம் இருக்குன்னா காகிதம் கொறச்சல்." பெரிய சாமி வாயைத் திறப்பதற்குள் அவர் முற்றத்தில் நின்ற எங்களை எண்ணத் தொடங்கினார். தலையை மட்டும்தான் பார்த்தார். முகத்தைப் பார்ப்பது அவர் வழக்கமில்லை. முதுகுச் சட்டத்தைக் கட்டி ஊருக்குப் புறப்பட நின்ற யோங்பாலையும் எண்ணினார்.

"இவன் எங்க போறான்?"

"இவரு ஜாடிக்காரருங்க, வீட்டுக்குப் போறாரு," என்றேன்.

"மொட்டையா இருக்கான், நேத்து பல்லக்குத் தூக்கியிருக்கான். ஜாடிக்காரன்னு எதை வெச்சுச் சொல்றே? ஏற்கனவே ரெண்டு பேர் ஓடிப்போயிருக்கானுங்க. எறங்கினா ஓடிப்போன துறவின்னுதான் பிடிப்பாங்க. பிடிச்சா அடி."

"முடி வளர்ந்துடும்ல?" என்று யோங்பால் மெதுவாகக் கேட்டான்.

"மடத்துல இருக்கிறவன் முடி வளர்த்தா அது தனிக் குத்தம்," என்றார் பாங். அப்படியே புதிய அளவைச் சொல்லிவிட்டு, எங்கள் செருப்பில் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பூவெல்லாம் கொட்டிய பிறகு அவன் மனைவி மலையேறி வந்தாள். நானும் யோங்பாலும் வாசலுக்கருகே பட்டை அலசிக்கொண்டிருந்தோம். மெலிந்து எலும்பாயிருந்தாள். எங்கள் முன்னால் வந்து, துறவிகள் முன் பெண்கள் நிற்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு, என் பக்கத்தில் நின்றவனிடம் கேட்டாள்:

"சாமி, யோங்பாலுன்னு ஒரு ஜாடிக்காரரு இங்க வந்தாரு. எம் புருஷன். எங்கயாவது பார்த்தீங்களா?"

அவன் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணு போய்ச் சேர்ந்துட்டா," என்றான். "முழுசா ஓதினாங்க. ஒரு வரி விடல. நீ சாப்பிடலாம்."

குரலைக் கேட்டு அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தை, தலையை, சாம்பல் நிற அங்கியை, மறுபடி தலையைப் பார்த்தாள். கையை உயர்த்தினாள், துறவியைத் தொடலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அவ போயிட்டா, சரி. நீ எப்ப வீட்டுக்கு வரே?"

உள்ளேயிருந்து பெரிய சாமி தொட்டிக்கு ஆள் கேட்டுக் கூப்பிட்டார். யோங்பால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என்னையும் எண்ணிட்டாங்க, புள்ள," என்றான்.